பூங்கா இருக்கிறது, வாசல் எங்கே?

கிண்டியில் குதிரைப் பந்தயத்துக்காக 1945-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்ட நிலம் 160 ஏக்கர் 86 சென்ட். அதற்கு ஆண்டு வாடகை 614 ரூபாய்ச் சொச்சம்; ஏக்கருக்கு நான்கு ரூபாய்கூட வரவில்லை. வாடகையை உயர்த்துவது குறித்து 1970 முதல் நீடித்த இழுபறி, 730 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட நிலுவையைச் செலுத்துமாறு மெட்ராஸ் ரேஸ் கிளப்புக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் உத்தரவிட்டதில் போய் நின்றது. 2024 செப்டம்பரில் தமிழக அரசு குத்தகையையே ரத்து செய்தது. அடுத்த சில வாரங்களில் அதில் 118 ஏக்கர், பூங்கா அமைப்பதற்காகத் தோட்டக்கலைத் துறைக்கு ஒதுக்கப்பட்டது. அந்த 118 ஏக்கரின் மதிப்பு 4,832 கோடி ரூபாய் என்று அரசு கணக்கிட்டது.

குத்தகை ரத்து செல்லுமா என்பதை நீதிமன்றங்கள் முடிவு செய்யும். அதில் கருத்துச் சொல்ல நான் சட்டம் படித்தவனல்லன். பொருளியல் படித்தவன் என்ற முறையில் எனக்கு எழும் கேள்வி வேறு. அங்கே பூங்கா அமைந்தால் அதனுள் யார், எந்த நேரத்தில், எவ்வளவு பணம் கொடுத்து, எத்தனை பேருந்து மாறி வந்து நுழைய முடியும்? நிலம் யாருக்குச் சொந்தம் என்பது பற்றி நிறையப் பேசிவிட்டோம். அதன் வாசல் யாருக்குத் திறக்கும் என்பது பற்றி ஏறக்குறைய எதுவும் பேசவில்லை.

சென்னையில் மரமே இல்லை, காலாற நடக்க இடமே இல்லை என்று அலுத்துக்கொள்வது நமக்குப் பழகிவிட்டது. வானிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தால் இந்த அலுப்பில் பாதிதான் உண்மை என்று தெரியும். கிண்டியிலிருந்து அடையாறு முகத்துவாரம் வரை பெரியதொரு பச்சைத் திட்டு கிடக்கிறது. ஆளுநர் மாளிகை வளாகம், 270 ஹெக்டேர் பரப்புள்ள கிண்டி தேசியப் பூங்கா, 600 ஏக்கருக்கு மேற்பட்ட ஐஐடி வளாகம், ஆற்றின் தென்கரையில் ஏறத்தாழ 260 ஏக்கரில் பிரம்மஞான சபை. பெருநகரம் ஒன்றின் நடுவே புள்ளிமானும் வெளிமானும் மேய்கிற காடு இருப்பது உலகில் அபூர்வம். ஆயினும், சிறுவர் பூங்காவை விட்டுவிட்டால், இந்தப் பச்சைத் திட்டில் எந்த இடத்துக்குள்ளும் ஒரு சாதாரண மனிதர் ஞாயிற்றுக்கிழமை மாலையில் தம் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நினைத்தவுடன் நுழைந்துவிட முடியாது. ஆளுநர் மாளிகைக்குப் பாதுகாப்பு. ஐஐடிக்கு மாணவர்களின் படிப்பு. பிரம்மஞான சபைக்கு அது தன் சொந்தச் சொத்து, பார்வையாளர்களைச் சில மணி நேரம் அனுமதிப்பதே அதன் தயவு. காட்டுக்கு வனவிலங்குச் சட்டம். தனித்தனியே கேட்டால் ஒவ்வொரு காரணமும் நியாயமானதுதான். எல்லா நியாயங்களும் சேர்ந்து ஒரு நெடுஞ்சுவராக நிற்கின்றன.

இவற்றுள் காட்டின் கதவு மூடியிருப்பதே சரி என்பது என் எண்ணம். ஒரு காலத்தில் ஏறத்தாழ 500 ஹெக்டேராக இருந்த கிண்டிக் காடு, கல்வி நிறுவனத்துக்கும் தலைவர்களின் நினைவிடங்களுக்கும் பிற கட்டடங்களுக்கும் பிய்த்துக் கொடுக்கப்பட்டுத்தான் இன்றைய அளவுக்குச் சுருங்கியது. மிஞ்சியதில் நடைபாதை, தின்பண்டக் கடை, தற்படம் எடுக்க மேடை என்று தொடங்கினால் அதுவும் போய்விடும். பள்ளிக்கரணைச் சதுப்புநிலமும் அப்படித்தான். 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற அந்த நீர்நிலையின் ஓரத்தில் நின்று பறவைகளைப் பார்க்கலாம். அதன் நடுவே நமக்கு வேலை இல்லை. பசுமை என்றாலே எல்லோரும் கால் வைக்க வேண்டிய இடம் என்று நான் வாதிடவில்லை. மக்கள் கால் வைப்பதற்கென்று தாராளமாக இடம் கொடுத்தால்தான் காடும் சதுப்பும் நிம்மதியாக இருக்கும். காட்டுக்கு மிக அருகில் இருக்கும் பந்தய மைதானம் முக்கியமாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த நகரத்துக்கு ஒரு மக்கள் பூங்கா முன்பு இருந்தது. பெயரே அதுதான்: பீப்பிள்ஸ் பார்க். 1859-இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், கறுப்பர் நகரத்தின் நெரிசலில் வாழ்ந்தவர்களுக்குக் காற்று வேண்டும் என்று இன்றைய சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி 116 ஏக்கரில் உருவாக்கத் தொடங்கியது. குளங்கள், வண்டிப் பாதைகள், இசை மேடை எல்லாம் இருந்தன. எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருந்த விலங்குகளும் அங்கே கொண்டுவரப்பட்டன. பிறகு என்ன ஆயிற்று? விக்டோரியா மண்டபத்துக்கு ஒரு துண்டு, மூர் மார்க்கெட்டுக்கு ஒரு துண்டு, 1913-இல் திறக்கப்பட்ட ரிப்பன் மாளிகைக்கு ஒரு துண்டு, விளையாட்டு அரங்கத்துக்கு ஒரு பெருந்துண்டு. விலங்குக் காட்சிசாலை 1985-இல் வண்டலூர் போய்ச் சேர்ந்தது. அதே ஆண்டு மூர் மார்க்கெட் எரிந்தது. அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம் வந்தது. இன்று எஞ்சியிருப்பது மை லேடீஸ் பூங்கா என்ற சிறு மூலை மட்டும். நகராட்சி நிர்வாகத்தின் தலைமையகமே பூங்கா நிலத்தில்தான் எழுந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். இந்த 116 ஏக்கரை எந்த நிலக்கொள்ளையனும் திருடவில்லை. ஒவ்வொரு துண்டும் ஒரு பொதுநோக்கத்துக்காகவே போயிற்று. நகரத்தில் திறந்தவெளிக்கு உள்ள பெரிய ஆபத்து இதுதான்: அதில் கட்டப்படும் எதற்கும் ஒரு பயன் இருக்கும், அதைச் சுட்டிக்காட்ட ஒரு துறை இருக்கும். வெறுமனே கிடக்கும் புல்தரைக்காகப் பேச எந்தத் துறையும் இல்லை.

மெட்ரோ ரயில் இந்தக் கதையின் அண்மைய அத்தியாயம். ஷெனாய் நகர் திரு.வி.க. பூங்கா நிலையப் பணிக்காக 2011-இல் மூடப்பட்டது. பத்தாண்டுகளுக்கும் மேல் மூடியே கிடந்தது. 2011-இல் பிறந்த குழந்தை அந்த மரங்களின் நிழலில் ஒரு நாளும் விளையாடாமலேயே உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டது. இரண்டாம் கட்டப் பணிக்காகத் தியாகராய நகரின் பனகல் பூங்காவிலும் ஒரு பகுதி எடுக்கப்பட்டது. நான் மெட்ரோவை எதிர்ப்பவனல்லன். அதில் அடிக்கடி பயணம் செய்கிறவன். ஆனால், திட்டச் செலவைக் கணக்கிடுகிற அறிக்கைகளில் சிமெண்டுக்கும் இரும்புக்கும் விலை போடுகிறோம், பூங்கா மூடிக் கிடக்கும் பத்தாண்டுக்கு விலை பூஜ்யம் என்று வைக்கிறோம். விலை பூஜ்யமானால் எந்தப் பொறியாளரும் அங்கேதான் தோண்டுவார்.

சட்டம் இல்லாமலில்லை. பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் ஆகியவற்றைப் பாதுகாக்கத் தமிழ்நாட்டில் 1959 முதலே தனிச் சட்டம் உண்டு. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை உச்ச நீதிமன்றம் 1991-இல் ரத்து செய்தது. பூங்கா என்பது அதிகாரிகள் விரும்பியபோது மாற்றிக்கொள்ளும் சலுகை அன்று, குடிமக்களின் நலனுக்கான ஒதுக்கீடு என்பது அத்தீர்ப்பின் சாரம். நிலத்தைப் பறிப்பதைத் தடுக்கச் சட்டம் ஓரளவு உதவுகிறது. நிலம் பூங்காவாகவே இருந்து, வாசல் மட்டும் சுருங்குவதை எந்தச் சட்டமும் தடுப்பதில்லை.

வாசலைச் சுருக்கும் வழிகளில் முதலாவது கட்டணம். கதீட்ரல் சாலையில், அரசு மீட்ட தோட்டக்கலைச் சங்க நிலத்தில் 2024 அக்டோபரில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறக்கப்பட்டது. பரப்பு 6.09 ஏக்கர், செலவு ஏறத்தாழ 46 கோடி ரூபாய். கம்பியில் தொங்கிச் செல்லும் ஜிப்லைன், கண்ணாடி மாளிகை, இசை நீரூற்று எல்லாம் உண்டு. நுழைவுக் கட்டணம் பெரியவருக்கு 100 ரூபாய், சிறுவருக்கு 50 ரூபாய். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் உள்ளே காலடி வைக்கவே 300 ரூபாய். அந்த ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் ஒரு நாள் ஊதியம் 319 ரூபாய். சாலையின் எதிர்ப்புறம் 2010-இல் திறக்கப்பட்ட செம்மொழிப் பூங்காவும் கட்டணப் பூங்காதான், தொகை மிகச் சிறியது என்றாலும்.

கட்டணம் இல்லாவிட்டால் பராமரிப்பது எப்படி என்ற கேள்வி உடனே வரும். நியாயமான கேள்வி. இதற்கு ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பிரெஞ்சுப் பொறியாளர் பதில் எழுதிவிட்டார். ஜூல் டுப்யூவி என்பவர் 1844-இல் பாலச் சுங்கத்தை ஆராய்ந்தார். பாலம் கட்டியாகிவிட்டது, இன்னும் ஒருவர் அதன்மீது நடந்துபோவதால் கூடுதல் செலவு ஏதும் இல்லை. அப்போது ஒரு காசு சுங்கம் வைத்தால், அந்தக் காசு இல்லாமல் திரும்பிப் போகிறவரின் பயன் முழுவதும் வீணாகிறது. அதனால் அரசுக்கும் ஒரு காசு வரப்போவதில்லை. நெரிசல் இல்லாத பூங்காவுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். செவ்வாய்க்கிழமை பிற்பகலில் காலியாகக் கிடக்கும் இருக்கையில் ஒரு முதியவர் உட்கார்ந்தால் தேய்ந்துபோவது எதுவும் இல்லை. ஞாயிறு மாலை நெரிசல் உண்மைதான். அதற்குத் தீர்வு இன்னும் நான்கு பூங்காக்கள். ஜிப்லைனுக்குக் கட்டணம் வாங்குங்கள், வாகன நிறுத்தத்துக்கு வாங்குங்கள், கண்ணாடி மாளிகைக்கும் வேண்டுமானால் வாங்குங்கள். புல்லுக்கும் நிழலுக்கும் வாங்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 46 கோடியை 6.09 ஏக்கரால் வகுத்தால் ஏக்கருக்கு ஏழரைக் கோடி. கோட்டூர்புரத்தில் ஆற்றங்கரையோரம் குப்பை கொட்டிக் கிடந்த ஒரு நிலத்தில் 'நிழல்' அமைப்பினரும் அக்கம்பக்கத்தினரும் நாட்டு மரங்களை நட்டு ஒரு மரப் பூங்காவை வளர்த்தெடுத்தார்கள். அங்கே இசை நீரூற்று இல்லை. ஆனால் உள்ளே நுழைந்தால் வெயில் தெரிவதில்லை. செலவு மிகுந்த பூங்காவுக்குக் காவல் வேண்டும், காவலுக்குச் சுவர் வேண்டும், சுவருக்குக் கட்டணம் வேண்டும். எளிய பூங்காவுக்கு இந்தச் சங்கிலி தொடங்குவதே இல்லை. வாசல் எவ்வளவு அகலம் என்பது பெரும்பாலும் வரைபடம் போடும்போதே தீர்மானமாகிவிடுகிறது.

இரண்டாவது வழி கடிகாரம். இதைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. கட்டணமே இல்லாத மாநகராட்சிப் பூங்காக்கள் பலவற்றில் நண்பகலில் பூட்டுத் தொங்குவதை இன்றும் காண்கிறேன். காலையில் சில மணி நேரம், மாலையில் சில மணி நேரம்: நடைப்பயிற்சிக்கு வருகிறவரின் கால அட்டவணை அது. வெயில் ஏறியதும் அவர் மின்விசிறிக்கடியில் இருப்பார். பகல் பன்னிரண்டு மணிக்குப் பூங்கா யாருக்கு வேண்டும்? இரண்டு வீடுகளில் பாத்திரம் துலக்கிவிட்டு மூன்றாவது வீடு மூன்று மணிக்குத்தான் என்று காத்திருக்கும் பெண்ணுக்கு. இரவுக் காவல் முடிந்து, பெருங்களத்தூருக்குப் போய்த் திரும்புவதற்குள் அடுத்த முறை வந்துவிடும் என்பதால் நகரத்திலேயே தங்கிவிடும் காவலாளிக்கு. அரசு மருத்துவமனையில் உறவினரைச் சேர்த்துவிட்டு வெளியே நிற்கும் ஊர்க்காரருக்கு. உணவுப் பொட்டலங்களோடு அலையும் இளைஞருக்கு. இவர்களில் கடைசியாகச் சொன்னவருக்காக மாநகராட்சி 2025-இல் அண்ணா நகரிலும் தியாகராய நகரிலும் குளிரூட்டப்பட்ட ஓய்வறைகளை அமைத்தது. நல்ல செயல், குறை சொல்ல மாட்டேன். ஆனால், அதே பகுதியில் உள்ள பூங்காவின் வேப்பமரம் மின்கட்டணம் கேட்பதில்லை.

ஏன் பூட்டுகிறீர்கள் என்று கேட்டால் வழக்கமாகக் கிடைக்கும் பதில்: குடிகாரர்கள் வருகிறார்கள், காதலர்கள் வருகிறார்கள், வந்து படுத்துத் தூங்குகிறார்கள். குடிப்பது சரி, அதற்குக் காவல்துறை இருக்கிறது. மற்ற இரண்டும் எந்தச் சட்டப்படி குற்றம் என்று எனக்குப் புரியவில்லை. அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961-இல் வெளியிட்ட நூலில் பூங்காக்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். நாளின் வெவ்வேறு நேரங்களில் வெவ்வேறு வகை மக்கள் வந்துபோகும் பூங்காதான் பாதுகாப்பானது. ஒரே வகையினர் ஒரே நேரத்தில் வந்து, மற்ற நேரம் வெறிச்சோடும் பூங்காதான் சீர்கெடும் என்பது அவர் கண்டது. பூட்டுப் போட்டால் பாதுகாப்பு வரும் என்ற நம் எண்ணத்துக்கு இது நேர்மாறு. அண்ணா நகர் டவர் பூங்கா நல்ல உதாரணம். 1968-இல் நடந்த உலக வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டப்பட்ட கோபுரம் அது. தற்கொலைகள் நடக்கின்றன என்று மேலே ஏறுவதைத் தடை செய்தார்கள். பத்தாண்டுகளுக்கும் மேல் அது வெறும் பார்வைப் பொருளாக நின்றது. 2023-இல் தடுப்புக் கம்பிகள் பொருத்தி மறுபடியும் திறந்தார்கள். கம்பி பொருத்தும் வித்தை 2023-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பூட்டு மலிவு, தீர்வு சற்றுச் செலவு பிடிக்கும், அவ்வளவுதான்.

மூன்றாவது, தூரம். பூங்காவின் மதிப்பைப் பணத்தால் எப்படி அளப்பது என்று அமெரிக்கத் தேசியப் பூங்கா நிர்வாகம் கேட்டபோது, பொருளியலாளர் ஹெரால்டு ஹோட்டலிங் 1947-இல் ஒரு கடிதத்தில் வழி சொன்னார். நுழைவுக் கட்டணத்தைப் பார்க்காதீர்கள். மக்கள் அங்கே வந்துசேர என்ன செலவு செய்கிறார்கள் என்று பாருங்கள். பேருந்துக் கட்டணமும் வழியில் கழியும் நேரமும்தான் உண்மையான விலை. இந்தப் பாடத்தை நடத்தும்போதெல்லாம், கடைசியாகப் போன பூங்காவையும் அதற்கான பயணச் செலவையும் எழுதச் சொல்வது என் வழக்கம். மயிலாப்பூர், அண்ணா நகர்ப் பிள்ளைகள் நாகேஸ்வர ராவ் பூங்கா, டவர் பூங்கா என்று எழுதிச் செலவு என்ற இடத்தில் பூஜ்யம் போடுவார்கள். தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பிள்ளைகளில் பலர் மெரினா என்று எழுதுவார்கள். எதிரே இரண்டு பேருந்து, போகவர மூன்று மணி நேரம். சென்னையின் வரைபடம் முழுவதும் அந்தத் தாள்களில் இருந்தது. சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை என்பது இந்தக் கணக்கில் பெரிய மாற்றம். அதைப் பூங்காத் திட்டமாக யாரும் பார்ப்பதில்லை, பார்க்கலாம். ஆனாலும் அந்த மூன்று மணி நேரம் குறையவில்லை.

மெரினாவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். வேலி இல்லாத, கட்டணம் இல்லாத, பூட்டு இல்லாத ஒரே பெரிய வெளி அதுதான். சுண்டல் விற்பவரும் நீதிபதியும் ஒரே மணலில் உட்காரலாம். சக்கர நாற்காலியில் வருவோர் அலையருகே செல்ல 2022-இல் மரப்பாதை போட்டார்கள். சில நாள்களிலேயே மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைக் கொண்டுபோனது, மறுபடி சரிசெய்தார்கள். இந்த நகரம் தன் மக்களுக்குச் செய்த நல்ல காரியங்களில் ஒன்று அது. ஆனால், இந்த மெரினா எப்படி வந்தது? சென்னைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் எழுப்பும் வேலை 1870-களில் தொடங்கியது. தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும் மணலை அந்தச் சுவர் தடுத்தது. தடுக்கப்பட்ட மணல் துறைமுகத்துக்குத் தெற்கே சேர்ந்து சேர்ந்து அகன்ற கடற்கரையானது. வடக்கே போய்ச் சேர வேண்டிய மணல் போகவில்லை. ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கடல் கரையைத் தின்றது. கடலரிப்பைத் தடுக்க அங்கே கருங்கற்களைக் கொட்டினார்கள், பிறகு தூண்டில் வளைவுகள் அமைத்தார்கள். ஒரே சுவர் தெற்கே மணலைக் கொடுத்தது, வடக்கே பாறையைக் கொடுத்தது. பொருளியலில் புறவிளைவு என்று ஒரு பாடம் உண்டு. ஒருவர் செயலின் நன்மையோ தீமையோ அதில் சம்பந்தப்படாத மூன்றாமவர்மேல் விழுவது. பாடநூல்கள் தொழிற்சாலைப் புகையை உதாரணம் காட்டும். சென்னை மாணவருக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம். தென்பகுதி மக்கள் 140 ஆண்டுகளாக அனுபவிக்கும் கடற்கரையின் செலவை வடபகுதி மீனவக் குப்பங்கள் வீடுகளாகக் கொடுத்து வந்திருக்கின்றன.

வடசென்னையில் பூங்காவே இல்லை என்று சொல்ல முடியாது. ராயபுரம் ராபின்சன் பூங்காவில்தான் 1949 செப்டம்பர் 17 அன்று, கொட்டும் மழையில் திராவிட முன்னேற்றக் கழகம் தொடங்கப்பட்டது. அரசியல் பேச, கூட்டம் கூட, கொள்கை வளர்க்கப் பூங்கா உதவிய காலம் அது. மாதவரத்தில் தோட்டக்கலைத் துறையின் தாவரவியல் பூங்கா இருக்கிறது. ஆனால், தெருவுக்கு ஒரு தொழிற்கூடமும் வீட்டுக்கு ஒரு அறையுமாக நெருங்கி வாழும் பகுதியில், வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் விளையாட இடம் இருக்கிறதா என்பதே கேள்வி. நகரத் திட்டமிடலுக்கான மத்திய அரசின் வழிகாட்டுதல் ஒருவருக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்கிறது. சென்னை அதன் அருகில்கூட இல்லை. சென்னைக்குள்ளேயே வடசென்னை இன்னும் பின்னால்.

புதிய கட்டடங்கள் வழியாக இந்தக் குறை தீரும் என்று எதிர்பார்ப்பதற்கும் இடமில்லை. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையை மேம்படுத்துவோர் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்கு தானமாக எழுதித் தர வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் நிலத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்புப்படி பணம் கட்டிவிடலாம். 3,000-க்குக் கீழே எதுவும் இல்லை. பழைய நகரத்தில் இன்று நடப்பதெல்லாம் தனி வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டுவது. ஒவ்வொன்றும் 3,000 சதுர மீட்டருக்குள்தான். 2019 விதிகளில் தளப்பரப்புக் குறியீடு 1.5-இலிருந்து 2 ஆக உயர்ந்தது. இரண்டு குடும்பம் இருந்த மனையில் பன்னிரண்டு குடும்பம் வருகிறது. தெருவுக்கு ஒரு சதுர அடி திறந்தவெளிகூடக் கூடுவதில்லை. பணமாகக் கட்டப்படும் தொகை அதே வார்டில் நிலம் வாங்கவே செலவிடப்பட வேண்டும் என்று ஒரு வரி விதியில் சேர்ப்பது கடினமான காரியமன்று.

இப்போது கிண்டிக்குத் திரும்புவோம். மின்சார ரயிலும் மெட்ரோவும் நிற்கிற இடம் அது. 1958 முதல் இயங்கும் தொழிற்பேட்டை அருகில் இருக்கிறது. 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு உயர்சிறப்பு மருத்துவமனை இருக்கிறது. மதிய உணவு இடைவேளையில் அரை மணி நேரம் மரத்தடியில் உட்கார விரும்பும் தொழிலாளர்கள், நோயாளிகளோடு வந்த உறவினர்கள், வேளச்சேரிப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்: இவர்களை மனத்தில் வைத்து வரைபடம் போட்டால் நாலாபுறமும் நடந்து நுழையும் சிறு வாசல்கள் வரும். காரில் வரும் குடும்பத்தை மட்டும் மனத்தில் வைத்துப் போட்டால் ஒரே ஒரு பெரிய வளைவு வாசலும் அனுமதிச்சீட்டு அறையும் பரந்த வாகன நிறுத்தமும் வரும். மைதானத்தில் மழைநீரைத் தேக்கக் குளங்கள் வெட்டும் யோசனை மிகச் சரியானது. 2015 வெள்ளத்தில் வேளச்சேரி பட்ட பாட்டை மறந்தவர்கள் இருக்க முடியாது. குளத்தைச் சுற்றி மண்பாதை, மண்பாதையோரம் மரம், அங்கங்கே கழிப்பறை, குடிநீர், விளக்கு. இவற்றுக்கு மேல் அங்கே கட்டப்படும் எதுவும் கட்டணச் சீட்டில் முடியும் என்றே நினைக்கிறேன்.

நகரத்தின் தென்பகுதிக்கு 118 ஏக்கர் கிடைக்குமானால், வடபகுதிக்கு அதைவிடப் பெரிய நிலம் ஒன்று காத்திருக்கிறது. கொடுங்கையூர் குப்பைக் கிடங்கில் பல பத்தாண்டுகளாகக் குவிந்த குப்பையைப் பிரித்தெடுத்து 250 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை மீட்கும் பணி மாநகராட்சியால் மேற்கொள்ளப்பட்டு வருகிறது. அதே வளாகத்தில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை ஒன்றும் திட்டமிடப்பட்டிருக்கிறது. அதை அப்பகுதி மக்கள் எதிர்க்கிறார்கள். நகரம் முழுவதன் குப்பையை இத்தனை ஆண்டுகள் தாங்கிய பகுதிக்கு, குப்பை அகன்றபின் கிடைக்கும் நிலத்தில் எத்தனை ஏக்கர் மரத்துக்கு, எத்தனை ஏக்கர் ஆலைக்கு என்ற கணக்கு இன்னும் மக்கள்முன் தெளிவாக வைக்கப்படவில்லை. வடசென்னை வளர்ச்சித் திட்டத்தின் கூட்டங்களிலும் மாமன்றக் கூட்டங்களிலும் உறுப்பினர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. மீட்கப்படும் ஒவ்வொரு ஏக்கரும் எந்தத் துறையின் பெயரில் பதிவாகிறது என்று கேட்பது இரண்டாவது. குப்பை முழுவதும் அகலும் நாள்வரை இதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை.